நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

சாணை பிடிப்பவரைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். பின்சக்கரம் அந்தரத்தில் சுழலும். அதனோடு பெல்ட்டால் இணைந்த கல்லும் சுழலும். கத்தி கல்லில் படாதவரை பெடல் பஞ்சுபோல் சுற்றும். கத்தியை அழுத்திய மறுகணம் காலுக்குக் கனம் தெரியும். வீட்டுக்குள் மிதித்து உடற்பயிற்சி செய்வதற்கென்று இன்று விற்கப்படும் கருவிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடும். கத்திக்குப் பதிலாக எது சக்கரத்தைத் தடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

நிழல் தரும் மரங்களும் அகன்ற சாலைகளும் உள்ள நெய்வேலி நகரியத்தில் வீட்டுக்குள் ஏன் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். சுரங்கத்தில் வேலை செய்யும் என் தந்தையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு; இப்போது முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. "நடையைக் குறைத்து, இருந்த இடத்திலேயே சைக்கிள் மிதியுங்கள், லேசான சுமை போதும்" என்றார் மருத்துவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே கடையில் கொடுத்த ஆங்கில விளக்கத் தாள்கள் நேரே என் கைக்கு வந்தன. "நீதான் படிக்கிறவன், பார்த்துச் சொல்லுப்பா" என்றார் அப்பா. அக்காவின் திருமணக் கடன் இன்னும் முடியாத வீடு எங்களுடையது. ஒருமுறைதான் வாங்க முடியும்.

நம்மிடம் உள்ள சைக்கிளையே பூட்டி மிதிக்கும் கருவிகளை டிரெய்னர் என்கிறார்கள். இவற்றில் உருளை வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மூன்று உருளைகளின்மேல் சைக்கிளைப் பிடிமானமின்றி ஓட்ட வேண்டும். பந்தய வீரர்களுக்குச் சமநிலை பழக நல்லது. முழங்கால் நோயாளிக்கு விழுந்து அடிபடும் வழி.

அடுத்தது, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, டயரின்மேல் ஒரு சிறு உருளையை அழுத்தும் வகை. அந்த உருளையைக் காந்தம் தடுக்கலாம், காற்று தடுக்கலாம், எண்ணெய் போன்ற திரவம் தடுக்கலாம். இயற்பியல் மாணவருக்கு ருசியான இடம் இதுதான். காந்தத்தின் அருகே உலோகத் தட்டு சுழன்றால் அதில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன; அவை, லென்ஸ் விதிப்படி, தம்மைத் தோற்றுவித்த சுழற்சியையே எதிர்க்கின்றன. வீடுகளில் இருந்த பழைய மின்சார மீட்டரின் அலுமினியத் தட்டை நினைவிருக்கிறதா? அது கட்டின்றி ஓடாமல் நிறுத்திப் பிடித்ததும் இத்தகைய காந்தமே. டென்மார்க் அறிஞர் ஆகஸ்ட் குரோக் 1913இலேயே மின்காந்தத்தால் தடுக்கப்படும் சைக்கிளை ஆய்வுக்கென அமைத்துவிட்டார். ஒன்றையொன்று தொடாமலே தடுப்பதால் தேய்மானம் இல்லை. காந்தத்தை நெருக்கியும் விலக்கியும் சுமையை மாற்றலாம்.

காற்றும் திரவமும் வேறு விதம். வேகம் இரண்டு மடங்கானால் அவற்றின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மிதிப்பவர் தரவேண்டிய திறனோ எட்டு மடங்கு. சாலையில் எதிர்காற்றை வெட்டிச் செல்வது போன்ற உணர்வு இதில் கிடைப்பதால் பயிற்சி வீரர்கள் விரும்புகிறார்கள். ஆனால் அவர்கள் சைக்கிளில் கியர் உண்டு. நம் சாதாரண சைக்கிளில் முன்பல்சக்கரத்தில் 48 பல், பின்னே 18 பல் என்றால், ஒரு மிதிக்குச் சுமார் 5.9 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கிலோமீட்டர். இந்தக் கணக்கை மாற்ற வழியில்லை. கியர் இல்லாத சைக்கிளுக்குத் திரவ வகையை வாங்கினால், சுமையைக் குறைக்க மெதுவாக மிதிப்பது ஒன்றே வழி. காந்த வகையில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும்.

பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, செயினை நேராகக் கருவியில் மாட்டும் வகையும் உண்டு. கைப்பேசியோடு பேசும், திரையில் மலைப்பாதை வந்தால் தானே சுமையை ஏற்றும். 2020இல் இத்தகைய கருவிகளில் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. விலை ஒரு சாதாரண சைக்கிளைப் போலப் பல மடங்கு. கியர்த் தொகுதி உள்ள சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் எங்களுக்கு ஆசைப்படும் சிரமமும் இல்லை.

இன்னொரு சிக்கலை விளக்கத் தாள்கள் பொடி எழுத்தில் வைத்திருக்கின்றன. பெரும்பாலான டிரெய்னர்கள் பின்அச்சின் இரு முனைகளைக் கவ்விப் பிடிப்பவை. மெல்லிய விரைவுக் கழற்றி அச்சை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் சைக்கிளிலோ தடித்த அச்சு, இரு பக்கமும் நட்டு, அதோடு ஸ்டாண்டு, கேரியரின் கால்கள். சக்கர அளவு பொருந்தினாலும் கவ்வ இடம் இருக்காது. ரேஞ்சர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் டயரையும் பார்க்க வேண்டும். முரட்டுப் பட்டன்கள் உருளையில் மோதி எழுப்பும் சத்தம், இரவு ஷிப்டு முடித்துப் பக்கத்து வீட்டில் உறங்குபவரை எழுப்பிவிடும்.

இவ்வளவும் பொருந்திவந்தாலும், எங்கள் வீட்டுச் சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு மேலே அப்பா காலைத் தூக்கிப் போட்டாக வேண்டும். டிரெய்னர் பின்சக்கரத்தை இன்னும் சற்று உயர்த்துகிறது. ஆகவே கியர் சைக்கிள் உள்ள நண்பருக்குக் காந்த டிரெய்னர். எங்களைப் போன்ற வீட்டுக்குக் குறுக்குக் கம்பி இல்லாத, காந்தத் தடை கொண்ட தனி உடற்பயிற்சி சைக்கிள் என்பதே என் முடிவு.

அதைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. பல வீடுகளில் அது துணி காயப்போடும் கொடியாகத்தான் நிற்கிறது! வாங்கும்போது ஃப்ளைவீலைக் கவனியுங்கள். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கீழ்நோக்கி அழுத்தும் கால் திருப்புவிசை தருவதில்லை. அந்த இரு இடங்களையும் கடத்திவிடுவது கனமான ஃப்ளைவீலில் சேர்ந்துள்ள இயக்க ஆற்றல். அது இலேசானால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு. அந்த வெட்டு போய்ச் சேருமிடம் முழங்கால். இருக்கை உயரமும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்துக்கு மாறினால் முழங்கால் அளவாக மடங்கும்.

மின்விசிறி ஒன்றும் கணக்கில் சேரும். நம் உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெடலுக்குப் போவதில்லை. 50 வாட் தருபவரின் உடலில் சுமார் 150 வாட் வெப்பமாகிறது. சாலையில் எதிர்காற்று வியர்வையை ஆற்றும். அறைக்குள் அது இல்லை. விசிறியை எதிரே, மார்பு மட்டத்தில் வைக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலையே உகந்தது. முதல் ஷிப்டு வாரங்களில் அப்பாவுக்கு அது ஒத்துவராது. இரவு ஏழுக்கு மேல், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இருபது நிமிடம்.