தூது போகிறவர் யார்?

சிவகாசிப் பக்கத்து இல்லத்தரசிகளுக்குப் பட்டாசு வாங்கச் சொல்லித்தர வேண்டுமா, என்ன? பெட்டியின் மேல் கம்பெனியின் பெயர் இல்லையென்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடமாட்டீர்கள். அதே கெட்டிக்காரத்தனம் உங்கள் கைப்பேசிக்கும் வேண்டியிருக்கிறது.

இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3-ஆம் தேதியும் வாட்ஸப் முதலியவற்றை அரசு முடக்கியது. கொழும்பில் வாழ்க்கைப்பட்ட மகளிடமிருந்து "சௌக்கியம், அம்மா" என்ற ஒரு வார்த்தைக்காக விருதுநகரில் காத்திருக்கும் தாயாரின் மனம் என்ன பாடுபடும்! அந்நாட்களில் அங்கே பலரும் நாடியது 'பிராக்ஸி', 'வி.பி.என்.' என்ற தூதர்களைத்தான். நேர்வழி அடைபட்டால், வேறிடத்துக் கம்ப்யூட்டர் ஒன்று நம் செய்தியை வாங்கி, உரியவரிடம் சேர்க்கும். சூட்சுமம் அவ்வளவே.

ஆனால் தூதரை நம்பலாமா? அதுதான் கேள்வி.

முதலில், அவர் யார், பிழைப்புக்கு என்ன வழி என்று பாருங்கள். 'ஓனாவோ புரொடெக்ட்' என்ற இலவச வி.பி.என். பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்டது. ஃபேஸ்புக் கம்பெனிக்குச் சொந்தமான அது, யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று சேகரித்து அக்கம்பெனிக்கே கொடுத்தது! 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி டாலர் அபராதம் விதித்தது. சும்மா கிடைத்த தூதர் கூலி வாங்கிய விதம் அது.

அடுத்து, அவர் கையில் எதைக் கொடுக்கிறோம்? வி.பி.என். வழியாகக் கைப்பேசியின் போக்குவரத்து முழுவதும் போகும். 2023 ஜனவரியில் வாட்ஸப் தன்னுள்ளேயே பிராக்ஸி வசதி வைத்தது. அதில் வாட்ஸப் மட்டுமே போகும். கடிதம் பூட்டியே இருப்பதால் தூதர் படிக்க முடியாது. ஆனால் நம் இணைய முகவரி அவருக்குத் தெரியும். ஆகவே, பிராக்ஸி முகவரியைத் தெரிந்த, நம்பிக்கையான ஆளிடமே வாங்குங்கள்.

மகன் துபாயில் இருக்கிறானா? அங்கே முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹாம் முதல் அபராதம் என்கிறது 2021-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தந்த ஊர்ச் சட்டத்தை விசாரித்துவிட்டே இறங்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். 2018 மே மாதம், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பக்கத்துத் தூத்துக்குடி ஜில்லாவில் இணையமே நிறுத்தப்பட்டது. பாதையே இல்லாதபோது தூதர் எங்கே நடப்பார்? ஆகையால், பிள்ளைகளின் தொலைபேசி எண்களை ஒரு காகிதத்தில் எழுதி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்!