செம்புக் குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தகப்பனார் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் மதுரையில் அனிமேஷன் படிக்கிறான். ஒன்றேகால் லட்சத்தில் கேமிங் லேப்டாப் வேண்டுமாம். விசாரிக்கப் போன கடையில், அதே பணத்துக்குச் சின்னதாக ஒரு டெஸ்க்டாப் இதைவிட நன்றாகவே அமையும் என்கிறார்களாம். “எதை நம்புறது சார்? மல்லிகைப் பூ போட்டுச் சேர்த்த பணம்” என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு நாலு வரியில் பதில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை.

இந்த வழக்கில் உண்மையான கட்சிக்காரர் சூடுதான். கிராபிக்ஸ் சில்லு உள்ளே வாங்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். நூறு வாட் வாங்கினால் நூறு வாட் சூடு. நம் வீடுகளில் முன்பு எரிந்த நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். அதை ஒரு கோனார் நோட்ஸ் தடிமனுக்குள் அடக்க வேண்டும் என்பதுதான் லேப்டாப் செய்பவர்களின் பாடு.

அடக்க முடியாததால் குறைக்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 டெஸ்க்டாப்பில் 16,384 கணக்குப்போடும் கருக்களோடு 450 வாட் வரை வாங்கும். லேப்டாப்பில் அதே பெயரில் வருவது வேறு சில்லு. அதில் 9,728 கருக்கள், 175 வாட்டுக்கு மேல் போகாது. முழுப்பெயரில் ‘லேப்டாப்’ என்ற ஒட்டு இருக்கிறது, பேச்சில் அது உதிர்ந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். பெயர் ஒன்று, வேகம் வேறு வேறு. வாட் எத்தனை என்று கேட்காமல் கேமிங் லேப்டாப் வாங்குவது, எடை கேட்காமல் நகை வாங்குவது மாதிரி.

இப்போது என்னை மயக்கிய விஷயத்துக்கு வருகிறேன். செத்துப்போன பழைய லேப்டாப் ஒன்றைப் பிரித்தபோது அதற்குள்ளிருந்த தட்டையான செம்புக் குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் அதன் ஒரு முனையை விட்டு, மறுமுனையை விரலில் பிடித்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை உதறிவிடுவீர்கள். அதே கனத்தில் முழுச் செம்புக் கம்பியை வைத்தால் அவ்வளவு விரைவாகச் சூடு ஏறாது. அந்தக் குழாயை அறுத்துப் பார்த்தேன். உட்சுவர் முழுக்க ரவை ஒட்டியதுபோலச் செம்புத்தூள். நடுவில் காலி. ஈரம் மட்டும் கொஞ்சம், ஒரு சொட்டு இருக்கும்.

அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் எல்லா வேலையும் செய்கிறது. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு அடைத்திருப்பதால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேக நேரமாகும் என்பது அங்கே சமைத்தவர்களுக்குத் தெரியும். குழாய்க்குள் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு குறைவு. சில்லு லேசாகச் சூடானாலே தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே ஃபேன் குளிர்விக்க, இட்லிப் பானை மூடியின் அடியில் நீர் கோத்து நிற்பதுபோல மறுபடி தண்ணீராகிறது. பானையில் அது சொட்டிக் கீழே விழும். இங்கே செம்புத்தூள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, தண்ணீரைச் சில்லுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. மோட்டார் இல்லை, ஓசை இல்லை, வருடக்கணக்கில் இதே சுற்று. ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ரிச்சர்ட் காக்லர் 1944-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டுகொள்வார் இல்லை. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக இதையே மறுபடி கண்டுபிடித்து ‘ஹீட் பைப்’ என்று பெயர் வைத்தார். விண்கலங்களில் சூட்டைக் கடத்தப் போன குழாய் இன்று நம் மடிக்கு வந்திருக்கிறது.

இத்தனை அருமையான குழாயும் சூட்டை இடம் மாற்றத்தான் செய்யும். வெளியே தள்ள வேண்டியது காற்று. அங்கேதான் மதுரை குறுக்கே நிற்கிறது. பிராசஸர் சில்லு ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 22 டிகிரி ஏசி அறையில் சோதித்தால் நடுவே 78 டிகிரி இடைவெளி. சித்திரை, வைகாசியில் நம் மாடி அறை 38 டிகிரி, இடைவெளி 62. வெப்பம் வெளியேறும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வாங்கிய அன்றைக்கே போய்விட்டது. டெஸ்க்டாப்புக்கும் இந்த நட்டம் உண்டு. ஆனால் அதில் உள்ளங்கையைவிட அகலமான ஃபேனும் கனத்த தகடுகளும் இருப்பதால் தாங்கிக்கொள்ளும். சின்ன டெஸ்க்டாப் என்றால் நிஜமாகவே சின்னதுதான். 2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். அதில் கிராபிக்ஸ் கார்டும் பொருத்தி, கடை எண்ணெய் டின்னைவிடச் சின்ன பெட்டிக்குள் முடித்துவிடலாம். கைக்கு அடக்கமான மினி பிசி வேறு ரகம், பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. அனிமேஷனுக்கு அதை வாங்க வேண்டாம்.

அண்ணா நகரில் இருக்கும் என் அக்கா மகன் போன மே மாதம் தன் கேமிங் லேப்டாப்போடு வந்தான். “விளையாடும்போது அதுவா ஆஃப் ஆயிடுது மாமா. மதர்போர்டு போச்சாம், நாற்பதாயிரம் கேக்குறாங்க” என்றான். அடிமூடியைக் கழற்றினோம். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. பையன் மெத்தைமேல் வைத்தே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறான். காற்று உள்ளே போகும் வழி அடியில் இருக்கிறது என்று விற்றவர் யாரும் அவனிடம் சொல்லவில்லை. சுத்தம் செய்து, சில்லுக்கும் குழாய்க்கும் நடுவில் காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். இன்றுவரை ஓடுகிறது. இப்படி மூச்சு முட்டி நிற்கும் எத்தனை நல்ல இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றனவோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் சில்லு போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. அது ஒன்று போனால் பெரும்பாலும் திரை, விசைப்பலகை, எல்லாமே போனதாகக் கணக்கு. டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

லேப்டாப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கும் நாளில் பேட்டரி கை கொடுக்கும். ஆனால் விமானத்தில் தடையின்றிக் கையோடு கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் பேட்டரிகள் அதற்குள்ளேயே நின்றுவிடும். 200 வாட் குடிக்கும் இயந்திரத்துக்கு அது அரை மணி. அந்த அரை மணியிலும் முழு வேகம் கிடைக்காது. செங்கல் மாதிரி அடாப்டரையும் சுமந்துதான் திரிய வேண்டும்.

ஆகவே உசிலம்பட்டிக்காரரே, பையன் தினமும் பஸ்ஸில் வந்துபோகிறானா, ஹாஸ்டலில் இருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டிலிருந்து வருபவன் என்றால் தயங்காமல் சின்ன டெஸ்க்டாப், கூடவே ஒரு யுபிஎஸ். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு மாற்றும்படி பெட்டி அமையட்டும். ஹாஸ்டல் என்றால் லேப்டாப்தான் வழி. வாட்டைக் கேட்டு வாங்குங்கள், மெத்தையில் வைக்க விடாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வாருங்கள். அறுக்காத குழாய் இன்னொன்று மேசையில் இருக்கிறது. வெந்நீர் டம்ளரில் வைத்துக் காட்டுகிறேன்.