உங்களுக்குத் தெரியுமா? – குப்ளாய் கானும் தமிழரும்

செங்கிஸ்கான் காலத்தில் தமிழருக்கு மங்கோலியரோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பேரன் குப்ளாய் கான் தென்சீனத் துறைமுகங்களைப் பிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. கெர்லிங், கோலசிலாங்கூர் வட்டார வாசகர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு படிக்கலாம். அந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதி நம் மலாக்கா நீரிணை வழியாகத்தான் நடந்தது.

◆ சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில், குப்ளாய் கான் நலமாக இருக்க வேண்டி ஒரு தமிழர் சிவனை எழுந்தருளச் செய்தார். 1956இல் அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இதைச் சொல்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம், அதாவது 1281. செய்தவர் சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள். இறைவன் பெயர் திருக்கதலீச்சரம் உடைய நாயனார். கானை ‘செகசைகான்’ என்று பொறித்திருக்கிறார்கள். கடைசி வரி மட்டும் சீன எழுத்தில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கானின் பர்மான், அதாவது அரசாணை, பெற்றுத்தான் இதைச் செய்தேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார் மனிதர். தோட்டத்து நிலத்தில் கோயில் எழுப்பி, தோட்டம் கைமாறியபின் பட்டாவுக்கு அலைந்தவர்களுக்கு அந்த முன்யோசனையின் அருமை புரியும்.

வேண்டுதல் பலித்ததா? அதே ஆண்டு ஆகஸ்டில், ஜப்பானைப் பிடிக்கப் போன குப்ளாயின் கப்பற்படையைப் புயல் அடித்து நொறுக்கியது. ஆனால் கான் மட்டும் 1294 வரை உயிரோடு இருந்தார்.

◆ அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. சுவான்சௌ கையுவான் பௌத்தக் கோயிலுக்குப் போனால், பின்பக்கத் தூண்களில் நரசிம்மரையும், கோபியர் சேலையைத் தூக்கிக்கொண்டு மரமேறிய கண்ணனையும் பார்க்கலாம். இடிந்த இந்துக் கோயில் ஒன்றின் கற்களை எடுத்து வைத்துக் கட்டியவை அவை. 2021இல் சுவான்சௌ யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பிடித்தது.

◆ பாண்டிய நாட்டை அரபு வணிகர்கள் மாபார் என்றார்கள். அந்த நாட்டின் அமைச்சர் ஒருவர், சீன ஏடுகளில் புஹாலி எனப்படுபவர், 1291இல் கானிடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அரேபியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் வணிகக் குடும்பம் அவருடையது. அரச குடும்பத்தின் ஐந்து சகோதரர்களும் அவருடைய தந்தையை ஆறாவது சகோதரராக வைத்துக்கொண்டார்களாம். கம்பராமாயணம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. குப்ளாய் அவருக்கு ஒரு கொரியப் பெண்ணை மணமுடித்து வைத்தார். மாமனார் நாட்டு உறவை அவர் விடவில்லை; 1298இல் கொரிய அரசருக்கு அகிற்கட்டையும் துணிமணிகளும் அனுப்பினார். மறு ஆண்டு இறந்தார்.

◆ பாண்டியனின் குதிரைகள் எங்கிருந்து வந்தன? பாரசீக வளைகுடாவிலிருந்து. அப்போது பாரசீகத்தை ஆண்டவர்கள் குப்ளாயின் தம்பி ஹுலாகுவின் வழிவந்த மங்கோலியர். அவர்களிடம் வரிக் குத்தகை எடுத்த ஜமாலுத்தீன், கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். விலை தலைக்கு 220 பொன் தினார். கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியனே பணம் கட்ட வேண்டும். இப்படியொரு ஒப்பந்தத்துக்கு யார் சம்மதிப்பார் என்று யோசிக்கிறீர்களா? ஜமாலுத்தீனின் சகோதரர் தக்கியுத்தீன்தான் பாண்டியனின் அமைச்சர்!

வந்து சேர்ந்த குதிரைகளும் நிலைக்கவில்லை. அவற்றுக்குச் சோறும் வெந்த இறைச்சியும் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று மார்க்கோ போலோ அங்கலாய்க்கிறார்.

◆ அந்த மார்க்கோ போலோ நம் பக்கமும் வந்தவர். பாரசீகத்து மங்கோலிய மன்னருக்கு மணப்பெண்ணாகப் போன கோகச்சின் இளவரசியோடு, 14 கப்பல்களில் சுவான்சௌவிலிருந்து புறப்பட்டார். பருவக்காற்று திரும்பும்வரை சுமத்ராவின் வடகரையில் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டி வந்தது. கோலசிலாங்கூர் மெலாவத்தி குன்றில் ஏறி மேற்கே பார்த்தால் தெரிகிறதே, அந்த நீரிணைதான் அவர்கள் வந்த வழி. இறங்கிப் பார்க்கும்படி இங்கே அப்போது பெரிய துறைமுகம் இல்லை போலும். சிலாங்கூர்க் கரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

◆ ஒரு மங்கோலியத் தளபதி பாண்டியன் பக்கம் தாவப் பார்த்த கதையும் உண்டு. டில்லிச் சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரை மீது படையெடுத்தபோது அவர் படையில் இருந்த அபாச்சிதான் அந்த மங்கோலியர். திட்டம் வெளிப்பட்டது. விலங்கு பூட்டி டில்லிக்குக் கொண்டுபோகப்பட்ட அவருக்கு அலாவுத்தீன் மரண தண்டனை கொடுத்தார்.

◆ கிள்ளானுக்கும் குப்ளாய்க்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. 1289இல் ஜாவா அரசர் கெர்த்தநகரா, கப்பம் கேட்டு வந்த கானின் தூதர் முகத்தில் சூடு வைத்து அனுப்பினார். சும்மா இருப்பாரா கான்? 20,000 வீரர்கள், 1,000 கப்பல்கள் கிளம்பின. 1293இல் அவர்கள் ஜாவா போய்ச் சேர்ந்தபோது கெர்த்தநகரா உயிரோடு இல்லை; கெடிரிக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். மருமகன் ராடன் விஜயா மங்கோலியரை வரவேற்றார், அவர்களை வைத்தே கெடிரியைத் தீர்த்துக்கட்டினார், பிறகு அவர்களையே அடித்து விரட்டினார். அப்படி எழுந்ததுதான் மஜபாஹித் பேரரசு. 1365இல் எழுதப்பட்ட ஜாவானியக் காவியம் நாகரகெர்த்தாகமம், மஜபாஹித்துக்கு அடங்கிய இடங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பகாங், மூவார், கெடா ஆகியவற்றோடு கிள்ளானும் அதில் இருக்கிறது. அரசவைக் கவிஞர் போட்ட பட்டியல், கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பார்.