டாட் காமா, டாட் எம்ஒய்யா? கூகுளில் முன்னால் வர எது உதவும்?

இந்த வாரம் அரங்கத்தில் பேசிய தலைப்பு, கேட்டவுடன் கணினிக்காரர்களின் விஷயம் போலத் தோன்றும். உண்மையில் அது கடைக்காரர்களின் விஷயம். மேருவிலும் காப்பாரிலும் கிள்ளானிலும் சிறுதொழில் செய்யும் நம்மவர்கள் பலருக்கு இன்று சொந்தமாக ஓர் அகப்பக்கம் இருக்கிறது. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: ‘முகவரி டாட் காம் என்று முடிந்தால் கூகுளில் முன்னால் வருமா, டாட் காம் டாட் எம்ஒய் என்று முடிந்தால் முன்னால் வருமா?’

கேள்வி சிறியதுதான். ஆனால் தவறான பதிலை நம்பினால், பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பெயர் சில வாரங்களில் காணாமல் போய்விடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னொட்டு எங்கிருந்து வந்தது?

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண்களை நினைவில் வைத்துக் கொள்வது கடினம். அதனால் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைக்கும் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1983-ஆம் ஆண்டில் வடிவமைத்தார். அந்தப் பெயரின் கடைசியில் வரும் பகுதியைத்தான் நாம் பின்னொட்டு என்கிறோம். 1985 மார்ச் 15-ஆம் தேதி முதல் டாட் காம் முகவரி பதிவானது. நம் நாட்டுக்கான டாட் எம்ஒய் 1987-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. இப்போது அதை மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது.

பின்னொட்டுகளில் மூன்று வகை உண்டு. டாட் காம், டாட் நெட், டாட் ஓஆர்ஜி போன்றவை உலகப் பொதுவானவை. மலேசியாவுக்கு எம்ஒய், சிங்கப்பூருக்கு எஸ்ஜி, இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே போன்றவை நாட்டுக்கு உரியவை. மூன்றாவது வகை, 2013-ஆம் ஆண்டு முதல் ஆயிரத்துக்கும் மேலாக வந்து குவிந்த புதியவை. டாட் ஷாப், டாட் ஆன்லைன் எல்லாம் அந்த வகை.

தேடுபொறி எதைப் பார்க்கிறது?

தேடுபொறி செய்யும் வேலை நூலகர் செய்யும் வேலை மாதிரி. முதலில் உலகெங்கும் உள்ள பக்கங்களைப் படித்துத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. நாம் ஒன்றைத் தேடும்போது, அதற்குப் பொருத்தமான பக்கம் எது, மற்றவர்கள் அதை நம்பி இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பலவற்றையும் சீர்தூக்கி வரிசைப்படுத்துகிறது. நூலகர் நல்ல புத்தகத்தைத் தேடித் தரும்போது அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. உலகப் பொதுவான பின்னொட்டும் ஏறக்குறைய அந்த அட்டையின் நிறம்தான்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 2015 ஜூலையில் கூகுள் நிறுவனமே இதைத் தெளிவாக அறிவித்தது. புதிய பின்னொட்டுகளும் டாட் காம் போலவே நடத்தப்படும்; பின்னொட்டில் இருக்கும் சொல்லுக்காக எந்தச் சலுகையும் கிடையாது என்றது. டாட் ஷாப் என்று முடிவதால் மட்டும் உங்கள் கடை மற்ற கடைகளுக்கு முன்னால் போய்விடாது.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1999-ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியாகினி டாட் காம் என்று முடிகிறது. தி ஸ்டார் நாளிதழின் அகப்பக்கமோ டாட் காம் டாட் எம்ஒய் என்று முடிகிறது. நாட்டு நடப்பைத் தேடினால் இரண்டுமே கண்ணில் படுகின்றன. அந்த இடத்தை அவற்றுக்குக் கொடுத்தது நாள்தோறும் எழுதும் செய்தி.

பெயரிலேயே பொருளை நுழைத்துவிட்டால் போதும் என்று நினைத்த காலமும் ஒன்று இருந்தது. மலிவுப்பூமாலை என்பது போல முகவரி வாங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட தரமற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2012 செப்டம்பரிலேயே கொண்டுவந்துவிட்டது.

நாட்டுப் பின்னொட்டுக்கு ஒரு வேலை உண்டு

அப்படியானால் டாட் எம்ஒய்யினால் பயனே இல்லையா என்று கேட்கலாம். பயன் உண்டு. ‘இந்தப் பக்கம் மலேசியர்களுக்காக நடத்தப்படுகிறது’ என்று தேடுபொறிக்கு அது அடையாளம் காட்டுகிறது. கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ உட்கார்ந்து தேடுபவருக்கு அந்த அடையாளம் ஓரளவு துணை நிற்கும். ஷோப்பி நிறுவனம் இங்கே டாட் காம் டாட் எம்ஒய் என்றும் சிங்கப்பூரில் டாட் எஸ்ஜி என்றும் தனித்தனி முகவரி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் விலை வேறு, பணம் வேறு, பொருள் அனுப்பும் முறை வேறு.

ஆனால் இந்த நன்மைக்கு மறுபக்கமும் உண்டு. மலேசியாவுக்கு என்று அடையாளம் காட்டிய முகவரியை, சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் உரியது என்று மாற்றிச் சொல்ல வழியில்லை. மேருவில் இருந்தபடி வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்ப நினைப்பவருக்கு டாட் காம் வசதி. சுற்றுவட்டாரத்தில் மட்டும் தொழில் செய்பவருக்கு டாட் எம்ஒய் பொருத்தம்.

எல்லா நாட்டுப் பின்னொட்டும் இப்படி நடத்தப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாட் டிவி என்பது பசிபிக் கடலில் உள்ள துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுக்கு உரியது. உலகம் முழுவதும் தொலைக்காட்சிக்காரர்கள் அதை வாங்கிப் பயன்படுத்துவதால், கூகுள் அதைப் பொதுவான பின்னொட்டாகவே கருதுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூகுளே நமக்கென்று டாட் காம் டாட் எம்ஒய் முகவரி வைத்திருந்தது. 2017 முதல், எந்த முகவரியில் தேடினாலும் தேடுபவர் இருக்கும் இடத்தை வைத்தே முடிவுகளைத் தந்தது. கடைசியில் 2025 ஏப்ரலில், நாட்டு முகவரிகளை எல்லாம் படிப்படியாகத் தன் டாட் காம் முகவரிக்கே திருப்பிவிடப் போவதாக அறிவித்தது. பின்னொட்டைவிட ஆள் இருக்கும் இடம்தான் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழிலேயே முகவரி வைக்கலாமா?

வைக்கலாம். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் முகவரி அமைக்கும் முயற்சி நம் பக்கத்து ஊரிலேயே நடந்தது. 1998-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு இதில் முன்னோடியாக இருந்தது. இன்று இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய 3 நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பின்னொட்டு இருக்கிறது. நம் நாட்டுக்கு ஜாவி எழுத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை.

தமிழ் முகவரியைத் தேடுபொறி நன்றாகவே படிக்கும். ஆனால் முகவரி தமிழில் இருப்பதால் மட்டும் பக்கம் முன்னால் வராது. உள்ளே இருக்கும் எழுத்தும் தமிழில் இருக்க வேண்டும். ‘கிள்ளானில் கல்யாண மாலை’ என்று ஒருவர் தமிழில் தேடும்போது, அந்தச் சொற்களைத் தாங்கிய பக்கம் இருந்தால்தானே காட்ட முடியும்? நம் கடைகள் பலவற்றின் அகப்பக்கத்தில் ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். ஒரு பக்கமாவது தமிழில் எழுதி வைத்தால், போட்டி குறைந்த இடத்தில் எளிதாக முன்னுக்கு வரலாம்.

அவசரப்பட்டு மாற்றினால்...

மேருவில் ஒரு குடும்பம், வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறது என்று வைத்துக் கொள்வோம். எட்டு வருடமாக ஒரே டாட் காம் முகவரி. தீபாவளி நேரத்தில் அதன் மூலம் நிறைய ஆர்டர் வருகிறது. ஒருவர் வந்து, ‘அக்கா, உங்கள் முகவரி பழசு. புதுப் பின்னொட்டுக்கு மாற்றினால் முதல் பக்கம் உறுதி’ என்கிறார். பணத்தையும் கொடுத்து, பழைய முகவரியையும் கைவிட்டு விடுகிறார்கள். என்ன நடக்கும்?

தேடுபொறியின் கண்ணுக்கு அது நேற்றுப் பிறந்த கடை. எட்டு வருடமாக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் பழைய முகவரியில் தொங்குகின்றன. பழைய வாடிக்கையாளர் வந்தால் பக்கம் திறக்காது. இன்னும் மோசம், கைவிட்ட பெயரை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடலாம். காலாவதியான நல்ல பெயர்களை வாங்கி இப்படிச் செய்வது பெருகியதால்தான், 2024 மார்ச்சில் கூகுள் அதற்கென்றே தனித் தடை விதி வகுத்தது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முறை இருக்கிறது. பழைய முகவரியின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய முகவரியில் அதே பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். கணினிக்காரர்கள் இதை ‘301’ என்பார்கள். அதைக் குறைந்தது ஓர் ஆண்டாவது அப்படியே வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவும் வசதி உண்டு. பழைய பெயரையும் விட்டுவிடாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருவதே நல்லது.

சிறுகடைக்கு எது உதவும்?

கிள்ளான் வட்டாரக் கடைக்கு முகவரியின் பின்னொட்டைவிடப் பல மடங்கு உதவுவது கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது. அதற்குக் கட்டணம் இல்லை. ஊர்க் கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடுவதற்குக் கடை எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எந்த அளவுக்கு அறியப்பட்டது.

ஆகவே கடை முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம், விலை ரிங்கிட்டில் எவ்வளவு என்பதைத் தெளிவாகப் போடுங்கள். மேரு என்ற ஊர்ப்பெயர் பக்கத்தில் இருக்கட்டும். பொருள் வாங்கிப் போனவர்களிடம் இரண்டு வரி கருத்து எழுதச் சொல்லுங்கள். பள்ளி, கோயில், சங்கம் ஆகியவற்றின் பக்கங்களில் உங்கள் கடைக்கு இணைப்புக் கிடைத்தால் அதுவும் பலம். டாட் எம்ஒய் இல்லாத பக்கத்தைக்கூட ‘இது மலேசியக் கடை’ என்று தேடுபொறி புரிந்து கொள்வது இவற்றால்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் காம் டாட் எம்ஒய் அல்லது டாட் எம்ஒய் எடுக்கலாம். வெளிநாட்டையும் எண்ணினால் டாட் காம் எடுக்கலாம். முடிந்தால் இரண்டையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பின்னொட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. மோசடிக்காரர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். அந்த முகவரியைப் பார்க்கும் வாடிக்கையாளர் தொடத் தயங்குவார்.

ஏற்கெனவே அகப்பக்கம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்ற இரண்டையும் இந்த வாரமே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அகப்பக்கம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். கடைப் பலகை உங்களுடையதாக இருக்கும்போது, இணைய முகவரி மட்டும் இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது.