காண்டாமிருக வண்டில் ஒரு புதிய வகை

தென்னை வளர்க்கும் உங்களுக்குக் காண்டாமிருக வண்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இவ்வண்டு விரியாத குருத்தைத் துளைத்துத் தின்பதால், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டினாற்போல் காணப்படும். அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் மரமே மடிந்துவிடும். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயர் சூட்டிய இவ்வண்டில், புதிய வகை ஒன்று இந்நூற்றாண்டில் கண்டறியப்பட்டுள்ளது.

நச்சுயிரி செய்த உதவி

1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளுடன் இவ்வண்டு சமோவாத் தீவுக்குச் சென்றது. பின்னர் பசிபிக் தீவுகள் பலவற்றில் பரவித் தென்னையை அழித்தது. 1963-இல் ஹியூகர் என்ற ஜெர்மன் அறிஞர், மலேசியாவில் நோயுற்ற புழுக்களில் ஒரு நச்சுயிரியைக் கண்டார். 1967-இல் அது சமோவாவில் விடப்பட்டது. நோயுற்ற வண்டு உடனே சாவதில்லை. தீனியைக் குறைத்துக்கொண்டு பறந்து திரியும். தன் எச்சத்தின் வழியே மற்ற வண்டுகளுக்கும் எருவிலுள்ள புழுக்களுக்கும் நோயைப் பரப்பும். இதனால் சேதம் வெகுவாகக் குறைந்தது.

புதிய வகை எது?

2007-இல் குவாம் தீவில் இவ்வண்டு காணப்பட்டது. நச்சுயிரியை விட்டும் அங்கே வண்டு குறையவில்லை. கொம்பு, நிறம், உருவம் யாவும் பழைய வண்டைப் போலவே இருந்தன. மரபணுச் சோதனையில்தான் இது வேறு வகை எனப் புலப்பட்டது. தனிச் சிற்றினம் அன்று. அதே சிற்றினத்தின் ஒரு மரபு வகையே ஆகும். எருக்குழியில் மட்டுமன்றி, மரத்தின் கொண்டையில் சேரும் குப்பையிலும் இதன் புழுக்கள் அங்கே வளர்கின்றன. 2013-இல் ஹவாய்த் தீவிலும், 2015-இல் சாலமன் தீவுகளிலும் இவ்வகை காணப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. ஒரே முறையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. வண்டு எந்த வகையானாலும், அது பெருகும் இடத்தை ஒழித்தால் பெருக்கம் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பட்டுப்போன மரங்களையும் மட்கிய அடிக்கட்டைகளையும் தோப்பிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

2. எருக்குழியை அவ்வப்போது கிளறி, பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும் வெண்ணிறப் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணத்தை இட்டு ஈரம் காயாமல் காத்து வந்தால், அது புழுக்களைத் தாக்கிக் கொல்லும்.

3. கொண்டையைச் சுத்தம் செய்யும்போது, துளையினுள் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுங்கள்.

4. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்திற்கு 150 கிராம் வீதம் குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் இடுங்கள்.

5. ஆமணக்குப் பிண்ணாக்கை ஊறவைத்த பானைகளைத் தோப்பில் வைத்தால் வண்டுகள் வந்து விழும்.

சாணத்தை உருட்டிப் புதைக்கும் வண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அது மண்ணை வளப்படுத்தும் நண்பன், அதைக் கொல்லாதீர்கள்.

எருவையோ கன்றுகளையோ வெளியூரிலிருந்து கொண்டுவரும்போது புழு, வண்டு உள்ளனவா என்று பாருங்கள். சமோவாவுக்கு வண்டு போனது கன்றுகளோடுதான். கட்டுப்படுத்தியும் சேதம் குறையாவிட்டால், நான்கைந்து வண்டுகளைப் பிடித்து அருகிலுள்ள வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.