மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணாடி இழை மூடி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வண்டி உறுப்புகள் செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் அந்த அச்சின் விலை கட்டுபடியாகும். உடைந்துபோன ஒரே ஒரு பக்க மூடிக்கு என்ன செய்வது? ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள ஒரு வீட்டுக் கொல்லையிலேயே அதைச் செய்துவிட ஒரு பொருள் உதவுகிறது. அதுதான் கண்ணாடி இழை. காசிமேட்டில் நிற்கும் ‘ஃபைபர்’ படகுகளும் இதே பொருளால் ஆனவையே.

எளிதில் உடையும் கண்ணாடிக்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது? கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உண்டு. உடைப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள இழையாக இழுக்கும்போது பெரிய கீறலுக்கு இடமே இல்லாமற் போகிறது. எனவே இழை பன்மடங்கு வலிமை பெறுகிறது. மண் சுவருக்குள் வைக்கோல் இருப்பதுபோல, பிசினுக்குள் இந்த இழைகள் கிடக்கின்றன. பிசின் உருவம் தருகிறது. இழை வலிமை தருகிறது. இக்கலவையின் எடை, அதே கனஅளவுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

முதலில் அச்சு வேண்டும். பழைய மூடியையே ஒட்டிச் சீராக்கி மாதிரியாகக் கொள்ளலாம். களிமண்ணாலோ பாரிஸ் சாந்தாலோ புதிதாகவும் செய்யலாம். தெர்மகோலில் செதுக்கினால் அதன்மேல் சாந்து பூசி முழுதும் மறைக்க வேண்டும். இல்லையேல் பிசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். இட்லித் தட்டின் குழி மேலே விரிந்து, எண்ணெய் தடவப்பட்டிருப்பதால்தானே இட்லி எளிதில் பெயர்ந்து வருகிறது? அச்சின் ஓரங்களும் அவ்வாறே வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அதன்மேல் மெழுகைப் பலமுறை பூசித் தேய்க்க வேண்டும்.

இனி, அளவுகளைக் காண்போம். 40 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள மூடியின் பரப்பு 0.1 சதுர மீட்டர். கடையில் ‘மேட்’ எனப்படும் இழை விரிப்பு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளது எனக் கொள்வோம். மூன்று அடுக்குக்கு 135 கிராம் தேவை. பிசின் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 340 கிராம். அதை இறுகச் செய்யும் பெராக்சைடு நூற்றுக்கு ஒன்று வீதம், வெறும் மூன்றரை கிராம்! அச்சில் முதலில் வழவழப்பான மேற்பூச்சைத் தடவி, அது சற்றுக் கெட்டியானதும் விரிப்பை வைத்து, தூரிகையால் பிசினை ஊட்ட வேண்டும். உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி நின்ற இடத்தில் பின்னாளில் விரிசல் விழும். ஒரு நாள் கழித்து மூடியைப் பெயர்த்தெடுக்கலாம்.

பிசின் உலர்வதால் இறுகுவதில்லை, வேதிவினையால் இறுகுகிறது. பெராக்சைடு வினையைத் தொடங்கிவைக்க, ஸ்டைரீன் மூலக்கூறுகள் பிசினின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே பாலங்கள் அமைக்கின்றன. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். மார்கழிக் காலையில் 20 நிமிடம் கிடைத்தால், சித்திரை வெயிலில் 10 நிமிடம்கூடக் கிடைக்காது. குவளையில் மொத்தமாகக் கலந்து வைத்த பிசின் புகையும், தீப்பற்றவும் கூடும். ஆகவே சிறிது சிறிதாகக் கலப்பதே அறிவுடைமை.

இன்னும் முக்கியமானது ஒன்று. வினையை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலையும் பெராக்சைடையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் பிசினில் நன்கு கலக்கிய பிறகே பெராக்சைடு சேர்க்க வேண்டும். பெராக்சைடின் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். காப்புக் கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதவை. தப்பித் தெறித்துவிட்டால் கண்ணை உடனே 15 நிமிடம் நீரால் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டைரீன் ஆவியைக் கைக்குட்டை தடுக்காது. கரி வடிகட்டியுள்ள முகமூடி தேவை. திறந்த வெளியில், அடுப்புக்கு அப்பால் வேலை செய்யுங்கள். மாணவர்கள் அனுபவமுள்ள பெரியவர் துணையின்றி இதில் இறங்கக் கூடாது.

எதைச் செய்யலாம்? பக்க மூடி, இருக்கையின் பின்மூடி போன்றவற்றைச் செய்யலாம். பாரம் தாங்கும் உறுப்பைச் செய்யலாகாது. பெட்ரோல் தொட்டியும் வேண்டாம். ராயல் என்ஃபீல்டு 1964இல் இங்கிலாந்தில் வெளியிட்ட கான்டினென்டல் ஜிடி வண்டிக்குக் கண்ணாடி இழைத் தொட்டிதான் இருந்தது. அதே பெயரில் 2013இல் சென்னையிலிருந்து வெளிவந்த வண்டியின் தொட்டியோ எஃகினால் ஆனது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால், பாலியெஸ்டர் பிசினை மெல்ல மென்மையாக்கிவிடும். தொட்டி கசிந்தால் அடியில் இருப்பது சூடான எஞ்சின் அல்லவா?

சட்டத்தையும் மறவாதீர்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. உடைந்த மூடிக்கு ஈடாக அதே வடிவ மூடியைச் செய்வது வேறு. வண்டியையே உருமாற்றுவது வேறு. ஐயமிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.