மலிவான போர்வெல் மோட்டார் ஏன் சீக்கிரம் கருகுகிறது?

அடுப்பில் தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் கருகாது, வற்றினால் அடிபிடிக்கும். போர்வெல்லில் நீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரின் கதையும் அதுதான்.

குழாய்க்கிணற்றில் மோட்டார் கீழே, பம்பு மேலே. பம்பு இழுக்கும் தண்ணீர் மோட்டாரை உரசி ஏறும்போது சூட்டையும் வாரிக்கொண்டு போகிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால்? சூடு உள்ளேயே தங்கி, மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகும்.

சரி, விலை எங்கே குறைகிறது? சில மலிவு மோட்டார்களின் சுருளில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. அதே தடிமனில் அது அதிகம் சூடாகும். தண்ணீரில் வரும் மணலோ, பம்புக்குள் சுழலும் மட்டமான பிளாஸ்டிக் இம்பெல்லரை உப்புத்தாள்போல் தேய்க்கும்.

அப்படியானால் மலிவு மோட்டார் நீடிக்கவே நீடிக்காதா? நீடிக்கும். மணலை இழுக்காதபடி மோட்டாரைக் கிணற்றின் அடியிலிருந்து சில அடி உயர்த்தித் தொங்கவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் தானே நிற்கும் ‘டிரை ரன்’ பாதுகாப்பைப் பொருத்துங்கள். அடிபிடிக்கும் முன் அடுப்பை அணைப்பதுபோலத்தான்!